கடலைமிட்டாய்க்கு பாஸ்போர்ட் கிடைக்குமா?

மைக் கிடைச்சா போதும், "சிறுதொழில் செய்யறவங்க உலகச் சந்தையைப் பிடிக்கணும்"னு பேச ஆள் இருக்கு. மந்திரி பேசுறார், பேங்க் மேனேஜர் பேசுறார், கோட்டு சூட்டு போட்டவர் ஸ்டார் ஓட்டல் செமினார்ல பேசுறார். கடைசியில எல்லாரும் வந்து நிக்கற இடம் ஒண்ணுதான்: நம்ம ஊர்க்காரனுக்கு "துணிஞ்சு இறங்கற மனசு" இல்லையாம்.

இதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. மனசெல்லாம் இருக்குங்க. ஆனா அதுக்கு மேல ஒரு ஆள் உயரத்துக்குப் பேப்பரை அடுக்கி வச்சிருக்காங்க. இந்தப் பதிவு அந்தப் பேப்பரைப் பத்தி. (கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.)

நான் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன், ஏற்றுமதி நிபுணன் கிடையாது. ஆனா கோவில்பட்டி பக்கம் கடலைமிட்டாய் போடற எங்க தாய்மாமாவுக்கு கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லா வேலைக்கும் நான்தான் ஆள். போன வருஷம் அவருக்கு வெளிநாட்டுல இருந்து ஒரு ஆர்டர் வந்துச்சு. பெரிய ஆர்டர் இல்லை, சில அட்டைப்பெட்டிகள். அதுல இருந்து இந்த உலகத்துக்குள்ள நானும் எட்டிப் பார்க்க ஆரம்பிச்சேன். பார்த்த வரைக்கும் சொல்றேன்.

கோவில்பட்டி கடலைமிட்டாய் சாதாரண சரக்கு இல்லை. 2020 ஏப்ரல்ல புவிசார் குறியீடு வாங்கினது. கரிசல் மண்ணு கடலை, வெல்லப்பாகு, அந்தப் பாகுக்குன்னு ஒரு பதம். "இது எங்க ஊர்ப் பொருள்"னு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்தாச்சு. பேப்பர்ல எல்லாம் போட்டோ வந்துச்சு. துறைமுகமும் பக்கத்துலதான், தூத்துக்குடி சுமார் 60 கிலோமீட்டர். ஓட்டப்பிடாரத்துல பொறந்த வ.உ.சி. 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்ச அதே தூத்துக்குடி. அவருக்காவது எதிரி யாருன்னு தெரிஞ்சிருந்தது, வெள்ளைக்காரன் கப்பல் கம்பெனி. எங்க மாமாவுக்கு எதிரி யாருன்னே தெரியலை. ஒவ்வொரு கவுண்டர்லயும் நல்லவங்கதான் உக்காந்திருக்காங்க. ஆனா காரியம் நகர மாட்டேங்குது!

சரி, மேட்டருக்கு வருவோம். என்னென்ன வேணும்?

1. முதல்ல ஐஇசி. ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். டிஜிஎஃப்டி தளத்துல வாங்கணும், 500 ரூபாய். இது உண்மையிலேயே சுலபம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா 2021-ல ஒரு விதி சேர்த்தாங்க. வருஷா வருஷம் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவுல உள்ளே போய் விவரத்தைப் புதுப்பிக்கணும். ஒண்ணுமே மாறலைன்னாலும் "ஒண்ணும் மாறலை"ன்னு சொல்லணும். சொல்லலைன்னா எண் முடங்கிடும். (நான் உயிரோடதான் இருக்கேன்னு பென்ஷன்காரங்க வருஷா வருஷம் சொல்வாங்களே, அந்தக் கதை.)

2. பேங்க்ல ஏடி கோடு வாங்கி சுங்கத்துறையோட ஐஸ்கேட் தளத்துல பதியணும்.

3. ஜிஎஸ்டி. ஏற்றுமதிக்கு வரி பூஜ்ஜியம். ஆனா வரி கட்டாம அனுப்பணும்னா எல்யூடி உறுதிமொழி கொடுக்கணும். அதுவும் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதுசா.

4. உணவுப்பொருள்ங்கறதால எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ். உள்ளூர்ல விக்கறதுக்கு வாங்கினது பத்தாது, ஏற்றுமதின்னா மத்திய லைசென்ஸ்.

5. அபேடா பதிவு. கடலை சம்பந்தப்பட்ட சரக்குக்கு அபேடாவே பீனட்.நெட்னு ஒரு தனி கண்காணிப்பு முறை வச்சிருக்கு.

6. புவிசார் குறியீடு வாங்கினது ஊரோட சங்கம். அந்தப் பேரைப் பொட்டி மேல போட்டுக்கணும்னா, அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்னு நம்ம பேரைத் தனியாப் பதியணும்.

7. ஒவ்வொரு தடவை சரக்கு போகும்போதும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில். கேக்கற நாட்டைப் பொறுத்து பிறப்பிடச் சான்று, லேப் டெஸ்ட் ரிப்போர்ட்.

8. பணம் வந்தப்புறம், வந்துச்சுன்னு நிரூபிக்க இ-பிஆர்சி.

இவ்வளவும் இந்தப் பக்கத்துக் கதை. அந்தப் பக்கம் அமெரிக்கான்னா, மிட்டாய் போடற இடத்தை எஃப்டிஏ-வில் பதியணும். இரட்டைப்படை வருஷத்துல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள புதுப்பிக்கணும். அமெரிக்காவுல ஒரு ஏஜென்ட்டைக் காட்டணும். ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவிப்பு கொடுக்கணும், விமானத்துல போனா இறங்கறதுக்கு 4 மணி நேரம் முன்னாடி, கப்பல்ல போனா 8 மணி நேரம் முன்னாடி. இதுல ஒரு வேடிக்கை. வீட்டுல அத்தை போட்ட மிட்டாயை மகனுக்குப் பரிசா அனுப்பினா அந்த முன்னறிவிப்பு தேவையில்லை. அதே அத்தை, அதே அடுப்பு, அதே மிட்டாய். 1 டாலர் விலை வச்சா சட்டம் வேற!

இப்ப சில நண்பர்கள் கேப்பீங்க: "ஏம்ப்பா, திங்கற பொருள். சோதிக்காம விடச் சொல்றியா?"

இல்லவே இல்லை. இங்கதான் ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். கடலை சரியாக் காயலைன்னா பூஞ்சை பிடிக்கும், அதுல அஃப்ளாடாக்சின் வரும், அது ஈரலைத் தின்னும். அமெரிக்காவுல மொத்த அஃப்ளாடாக்சின் ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் தாண்டினா நடவடிக்கை. நேரா சாப்பிடற கடலைக்கு ஐரோப்பாவுல வரம்பு 4 மைக்ரோகிராம்தான். இந்த டெஸ்ட் வேணும். காசு செலவானாலும் வேணும். பொட்டி மேல "நிலக்கடலை உள்ளது"னு எழுதச் சொல்றதும் நியாயம், ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்சனை. 2023 ஜனவரில இருந்து அமெரிக்காவுல எள்ளும் அந்தப் பட்டியல்ல சேர்ந்தாச்சு, எள்ளு மிட்டாய்க்காரங்க கவனிக்க. மரப் பலகை அடியில வச்சு அனுப்பினா அந்த மரம் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரியில 30 நிமிஷம் சூடேறியிருக்கணும்ங்கறதும் நியாயம்தான். நம்ம ஊர் வண்டு அவன் ஊர்க் காட்டை அழிக்கக் கூடாதில்லையா.

என் சண்டை இதுகளோட இல்லை. இதெல்லாம் பொருளைப் பத்தின கேள்வி, சரக்கு நல்லதா கெட்டதான்னு கேக்குது. மாமா இதுக்கெல்லாம் பயப்படவே இல்லை. என் சண்டை, பொருளைப் பத்தி ஒண்ணுமே கேக்காத, ஆனா ஆளை மட்டும் அலைய விடற பேப்பரோட. ஒரே விவரத்தை எட்டு இடத்துல எட்டு விதமாக் கேக்கற பேப்பரோட.

உதாரணம் சொல்றேன். இது தமிழனுக்குன்னே அமைஞ்ச கொடுமை. நம்ம பேருக்கு முன்னாடி இனிஷியல். பான் கார்டு விண்ணப்பம் இனிஷியலை ஏத்துக்காது, விரிச்சு எழுதச் சொல்லும். அதனால எஸ். முருகன்ங்கற ஆளு பான் கார்டுல முருகன் சுப்பையா ஆயிடுவார். ஆதார்ல முருகன் எஸ். பேங்க் பாஸ்புக்ல எஸ். முருகன். லைசென்ஸ்ல, டைப் அடிச்ச பையனோட அன்னிக்கு மூடைப் பொறுத்து "முருகன்"ல ஒரு எழுத்து கூட இருக்கும், இல்லைன்னா குறையும். விலாசம் இன்னும் மோசம். கீழத்தெரு ஒரு இடத்துல "கீழ ஸ்ட்ரீட்", இன்னொரு இடத்துல யாரோ இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து "ஈஸ்ட் ஸ்ட்ரீட்". நாலு பேரும் ஒரே ஆள்தான்னு கீழத்தெரு நாய்க்குக் கூடத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியாது.

மாமா விண்ணப்பம் ஒரு ஆபீஸ்ல மூணு தடவை திரும்பி வந்துச்சு. (ஆபீஸ் பேரு வேணாம். இன்னும் அங்க வேலை இருக்கு :-)) முதல் தடவை பேரு பொருந்தலை. சரி பண்ணி அனுப்பினோம். ரெண்டாவது தடவை விலாசம் பொருந்தலை. ஏன் சாமி, முதல் தடவையும் அதே விலாசம்தானே இருந்துச்சு, அப்பவே சொல்லக் கூடாதா? மூணாவது தடவை, அத்தாட்சியா கொடுத்த கரண்ட் பில் பழசாயிடுச்சாம். பழசாகாம என்ன செய்யும்? முதல் ரெண்டு தடவை திருப்பி அனுப்பின நேரத்துலதானே அது பழசாச்சு!

நம்ம துறைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். நீங்க 500 வரி புரோகிராம் எழுதி கம்பைல் பண்றீங்க. 20 தப்பு இருந்தா கம்பைலர் இருபதையும் ஒரே மூச்சுல காட்டும். ஒரு தப்பை மட்டும் காட்டிட்டு, "பதினஞ்சு நாள் கழிச்சு வா, அடுத்ததைச் சொல்றேன்"னா அந்தக் கம்பைலரை வச்சு யாராவது வேலை பார்ப்போமா? ஒரே வாடிக்கையாளர் பேரை எட்டு டேபிள்ல எட்டு தடவை டைப் பண்ண வச்சா, கோட் ரிவ்யூல நம்மளை சும்மா விடுவாங்களா? நேத்து காலேஜ் முடிச்சு வந்த பையன் கூட இதைச் செய்ய மாட்டான். ஒரு நாட்டோட ஏற்றுமதியே இப்படித்தான் ஓடிட்டிருக்கு.

மாமா ஒரு நாள் சொன்னார்: "மாப்ள, பாகுப் பதம் கையை வச்சாலே எனக்குத் தெரியும். இந்தப் பேப்பருக்கு என்ன பதம்னு மட்டும் பிடிபட மாட்டேங்குதுடா." எல்லாப் படிவமும் இங்கிலீஷ்லதான் நிரப்பணும். முப்பது வருஷம் தொழில் பண்ண மனுஷன், தன் தொழிலைப் பத்தின கேள்விக்குப் பதில் சொல்ல மருமகனை எதிர்பார்த்து உக்காந்திருக்கார். பொட்டி தட்டற மருமகன் இல்லாத மிட்டாய்க்காரர் என்ன செய்வார்? ஏஜென்ட்கிட்ட போவார். இல்லைன்னா ஆர்டரை விட்டுடுவார்.

"அதான் ஏஜென்ட் இருக்காங்களே, காசைக் கொடுத்தா முடிஞ்சுது"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு சின்ன கணக்கு. ஒரு தடவை சரக்கு அனுப்ப பேப்பர், டெஸ்ட், ஏஜென்ட் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்னு கணக்குக்காக வச்சுக்குங்க. 20 டன் கன்டெய்னர் அனுப்பற பெரிய கம்பெனிக்கு இது கிலோவுக்கு 75 காசு. 50 கிலோ அனுப்பற மாமாவுக்குக் கிலோவுக்கு 300 ரூபாய். கடலைமிட்டாய் விலையை விட பேப்பர் விலை கூட! வரின்னா சரக்கோட அளவுக்குத் தகுந்த மாதிரி வரும். பேப்பர் அப்படி இல்லை, கன்டெய்னருக்கும் அட்டைப்பெட்டிக்கும் ஒரே சுமை. சட்டத்துல எங்கயும் "சின்னவன் உள்ளே வரக் கூடாது"ன்னு எழுதலை. எழுதாமலே அதைச் செஞ்சு முடிச்சிடுது. கடைசியில என்ன ஆகும்? பெரிய ஏற்றுமதியாளர் வந்து உள்ளூர் விலைக்கு சரக்கை வாங்கி, தன் லேபிள் ஒட்டி, தன் பேர்ல அனுப்புவார். புவிசார் குறியீடு ஊருக்கு, லாபம் வேற யாருக்கோ.

அடுத்தது, "இப்பல்லாம் எவ்வளவோ மாறிடுச்சு, எல்லாம் ஆன்லைன்"னு ஒரு குரூப் வரும். வாங்க. மாறினதை நானே சொல்றேன். 2015 மார்ச்ல டிஜிஎஃப்டி, ஏற்றுமதிக்கு கட்டாய ஆவணம் மூணே மூணுதான்னு அறிவிச்சது: போக்குவரத்து ரசீது, பேக்கிங் லிஸ்ட்டோட சேர்ந்த இன்வாய்ஸ், ஷிப்பிங் பில். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மேல நான் போட்ட பட்டியல்ல இருக்கற மிச்சமெல்லாம் எங்க போச்சு? எங்கயும் போகலை. அதெல்லாம் "ஏற்றுமதி ஆவணம்"ங்கற கணக்குல வராது, அவ்வளவுதான். கல்யாணச் சாப்பாட்டுக்குக் காசு கிடையாது, இலைக்கு மட்டும் தனியாக் கொடுங்கங்கற மாதிரி.

உலக வங்கி தொழில் சுலபப் பட்டியல் ஞாபகம் இருக்கா? எல்லை தாண்டிய வணிகத்துல இந்தியா 2018 அறிக்கையில 146-வது இடம், 2020 அறிக்கையில 68. டிவியில வெடி வெடிச்சாங்க. அந்தக் கணக்குக்கு இந்தியாவுல பார்த்தது மும்பை, டெல்லி ரெண்டே ஊர். கோவில்பட்டி அதுல எங்க? அப்புறம் புள்ளிவிவரத்துல முறைகேடுன்னு சொல்லி 2021 செப்டம்பர்ல உலக வங்கியே அந்த அறிக்கையை நிறுத்திடுச்சு. அதுக்கு மட்டும் யாரும் வெடி வெடிக்கலை.

நல்லது நடந்தா நல்லதுன்னு சொல்லணும். 2022 கடைசியில தபால் துறை, தபால் ஆபீஸ் வழியாவே ஏற்றுமதி பண்ண டாக் கர் நிர்யாத் கேந்திரான்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. (தமிழ்நாட்டு மிட்டாய்க்காரர் வாயில நுழையற மாதிரி ஒரு பேரு வச்சிருக்கலாம்.) கணினியிலயே விவரம் பதிஞ்சு, பக்கத்து தபால் ஆபீஸ்ல பார்சலைக் கொடுத்தா போதும். என்னைக் கேட்டா இதுதான் சரியான பாதை. 2025 அக்டோபர்ல ரிசர்வ் வங்கி இன்னொரு நல்ல காரியம் பண்ணுச்சு. 10 லட்சம் ரூபாய் வரைக்குமான பில்லுக்கு, பணம் வந்துச்சுன்னு ஏற்றுமதியாளர் தர்ற உறுதிமொழியை வச்சே பேங்க் கணக்கை முடிச்சுக்கலாம்னு சொல்லுச்சு. இதோட அருமை சின்ன வியாபாரிக்குத்தான் தெரியும். நடுவுல இருக்கற வெளிநாட்டு பேங்க் தன் கமிஷனைப் பிடிச்சுக்கிட்டு அனுப்பும், இங்க கணக்குல சில டாலர் இடிக்கும், அந்தச் சில டாலருக்காக பேங்க்ல இருந்து போன் மேல போன் வரும்.

ஆனா இந்தப் பாதை எவ்வளவு ஒல்லின்னு 2025 ஆகஸ்ட்ல தெரிஞ்சுது. 800 டாலர் வரைக்கும் வரியில்லாம உள்ளே விட்டுட்டிருந்த சலுகையை அமெரிக்கா ஆகஸ்ட் 29-ல இருந்து எல்லா நாட்டுக்கும் நிறுத்துச்சு. வரியை யார் வசூலிக்கிறது, எப்படிக் கட்டறதுன்னு தெளிவில்லாததால, ஆகஸ்ட் 25-லயே நம்ம தபால் துறை கடிதம், சின்னப் பரிசு தவிர அமெரிக்கப் பார்சலை வாங்கறதை நிறுத்தி வச்சுது. திரும்ப ஆரம்பிச்சது அக்டோபர் 15. நடுவுல தீபாவளி சீசன் வியாபாரம் போச்சு. கன்டெய்னர்ல அனுப்பறவன் வேற வழி பார்த்துக்குவான். அரை கிலோ பார்சல்காரனுக்கு இருந்ததே அந்த ஒரு வழிதான்.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். நம்ம ஐடி துறை எப்படி வளர்ந்துச்சு? நம்ம மூளைன்னு நாமளே முதுகுல தட்டிக்கறோம். மூளை இருக்கட்டும். 1991-ல எஸ்டிபிஐ-ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. செயற்கைக்கோள் இணைப்பு வேணுமா, அனுமதி வேணுமா, ஏற்றுமதிக்கு சாஃப்டெக்ஸ் சான்று வேணுமா, எல்லாம் அங்கயே. வரிச்சலுகை தனி. சின்னக் கம்பெனி பத்து வாசல் ஏற வேண்டியிருக்கலை. இன்னிக்கு நான் ஏசியில உக்காந்து ஒரு பட்டனைத் தட்டினா கோடிக்கணக்கான ரூபாய் கோட் கடல் தாண்டிப் போகுது. பொட்டியைத் திறந்து காட்டுன்னு எந்த அதிகாரியும் என் சீட்டுக்கு வந்ததில்லை. அதுல பக் இருந்தாலும் கூட வந்ததில்லை ;-)

நமக்குக் கொடுத்த அதே மரியாதையை மிட்டாய்க்காரருக்கும், முறுக்குக்காரருக்கும், கைத்தறிக்காரருக்கும் கொடுங்கன்னுதான் கேக்கறேன். சலுகை கூட வேணாம். வேணுங்கறது நாலே நாலு:

ஒண்ணு, ஒரு விவரத்தை ஒரு தடவைதான் கேக்கணும். பான்ல இருக்கு, ஜிஎஸ்டி-யில இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க. இனிஷியல் வித்தியாசத்துக்காக ஒரு விண்ணப்பம் கூடத் திரும்பி வரக் கூடாது.

ரெண்டு, குறை இருந்தா எல்லாத்தையும் முதல் தடவையே எழுத்துல சொல்லணும். சொல்லாத குறையைக் காட்டி ரெண்டாவது தடவை திருப்பக் கூடாது.

மூணு, வருஷா வருஷம் "மாற்றம் ஒண்ணும் இல்லை"ன்னு சொல்ற சடங்கை எல்லாம் நிறுத்தணும். மாறினா சொல்றோம், அவ்வளவுதான்.

நாலு, சின்ன சரக்குக்குத் தனி வழி வேணும். பொருள் டெஸ்ட் கண்டிப்பா இருக்கட்டும். அந்த டெஸ்ட்டைப் பத்து சிறு தயாரிப்பாளர்கள் பங்கு போட்டுக்கற மாதிரி மாவட்டத்துக்கு ஒரு அரசு லேப், தமிழ்ல ஒரு படிவம், கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள்.

இதுக்கெல்லாம் ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம். ரெண்டு டேட்டாபேஸைப் பேச வைக்கத் தெரிஞ்ச நாலு பசங்க போதும். அந்தப் பசங்க நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க, அமெரிக்க பேங்க்குக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதே வேலையைத்தான் செஞ்சிட்டிருக்காங்க.

"ரூல்ஸைத் தளர்த்தினா திருட்டுப் பசங்க புகுந்துடுவாங்க"ன்னு ஒரு கடைசி வாதம் வரும். ஐயா, போலி பில் போட்டு ரீஃபண்ட் வாங்கறவன் பேப்பர்ல ஒரு புள்ளி கூட விலகாது. அவன் தொழிலே பேப்பர்தான்! பேப்பர்ல தடுக்கி விழறது மிட்டாய் போடத் தெரிஞ்ச, பேப்பர் போடத் தெரியாத நேர்மையான ஆளுதான். வடிகட்டி தலைகீழா இருக்கு.

அதனால அடுத்த தடவை எந்த மேடையிலயாவது "நம்ம சிறுதொழில்காரனுக்கு துணிச்சல் பத்தாது"ன்னு யாராவது சொன்னா, எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், நீங்க ஒரு தடவையாவது ஐம்பது கிலோ சரக்கை உங்க கையால பேப்பர் போட்டு அனுப்பிப் பார்த்திருக்கீங்களா?" பதில் வராது. வந்தா எனக்கும் சொல்லுங்க, மாமாவுக்கு ஆள் தேவைப்படுது.

டிஸ்கி 1: மாமா சரக்கு போச்சான்னு கேப்பீங்க. பேப்பர் இன்னும் முடியலை. ஆர்டர் கொடுத்தவர் இதுவரைக்கும் பொறுமையா இருக்கார். அதுவரைக்கும் மிட்டாய் கோவில்பட்டியிலயே கிடைக்கும், பாஸ்போர்ட் தேவையில்லை.

டிஸ்கி 2: திருப்பூர், கரூர், சிவகாசி பக்கம் இருக்கற பதிவர்கள், உங்க வீட்டுல, உங்க தெருவுல இதே மாதிரி அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க. எந்தப் பேப்பர் எங்க சிக்கிச்சுன்னு ஊர் வாரியா ஒரு பட்டியல் போடலாம்னு இருக்கேன். திட்டணும்னாலும் திட்டுங்க, ஆனா கணக்கோட திட்டுங்க.